இழுக்கும் பம்ப், தள்ளும் பம்ப்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானட்டைத் திறப்பதே ஒரு வேடிக்கை. பெரும்பாலான கார்களில் மூடி மட்டும்தான் மேலே எழும். இதில் முன் மட்கார்டுகள், விளக்குகள் எல்லாமாகச் சேர்ந்து மொத்த முகப்பும் முன்பக்கம் கவிழ்ந்துவிடும். எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளியில் நிற்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்த இந்த வண்டி, 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. நான்கு கதவு ஹெரால்டு என்ற ஒன்று இந்தியாவில் மட்டும்தான் உண்டு. இன்னும் ஓடுகிற ஹெரால்டுகளின் சொந்தக்காரர்கள் கூடினால் பேச்சு எப்படியும் ஒரு கேள்விக்கு வந்துவிடும்: பழைய பெட்ரோல் பம்பை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் போடலாமா?

போடலாம். ஆனால் எதைக் கழற்றுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பலர் அதைத் தெரிந்துகொள்ளாமலே கழற்றிவிடுகிறார்கள்.

எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் நிற்கிறது பழைய பம்ப். மெக்கானிக்குகள் ‘ஏ.சி. பம்ப்’ என்பார்கள், அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் அது, குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே ஒரு டயாஃப்ரம், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், பெட்ரோல் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு. பம்பிலிருந்து ஒரு நெம்புகோல் எஞ்சினுக்குள் நீண்டு கேம் ஷாஃப்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். கேம் ஷாஃப்டில் மையம் தப்பிய ஒரு வட்டம் உண்டு. அது சுற்றும்போது நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் டயாஃப்ரத்தைக் கீழே இழுக்கும். டிக்கியில் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வரும்.

கவனிக்க வேண்டியது அடுத்த பாதியைத்தான். டயாஃப்ரத்தை மேலே தள்ளிப் பெட்ரோலை கார்புரேட்டருக்கு அனுப்புவது கேம் இல்லை, ஸ்பிரிங். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பெட்ரோலின் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டாது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். பெட்ரோலுக்குப் போக வழி இல்லை. டயாஃப்ரம் கீழேயே நின்றுவிடும். நெம்புகோல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். கிண்ணத்தில் சற்று இறங்கினால் ஸ்பிரிங் சற்றுத் தள்ளும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, தேவைக்கு மேல் ஒரு சொட்டும் போகாது. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும், ஏனென்றால் அதை ஆட்டுவதே எஞ்சின்தான். இந்தக் கடைசிக் குணத்தை நினைவில் வையுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் போடும்போது நாம் இழப்பது இதைத்தான். வேலையின் பெரும்பகுதி அதைத் திரும்பச் சம்பாதிப்பதில்தான் கழிகிறது.

இவ்வளவு ஒழுங்கான கருவியை ஏன் மாற்ற வேண்டும்? சிலர் சொல்லும் காரணம், வாரக்கணக்கில் நிற்கிற வண்டி லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை என்பது. கிண்ணத்திலிருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். செல்ஃப் அடித்து அடித்து எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் ஆடும், பெட்ரோல் வரும். அதற்குள் பேட்டரி இறங்கிவிடும். இது மட்டும்தான் குறை என்றால் மாற்றத் தேவையில்லை என்பேன். அந்தக் காலத்துப் பல ஏ.சி. பம்புகளில் கையால் ஆட்ட ஒரு சின்னக் கம்பி வைத்திருப்பார்கள். அதைப் பத்துப் பதினைந்து முறை ஆட்டினால் கிண்ணம் நிரம்பிவிடும். ஐந்து நிமிட வேலைக்காக வண்டியில் ஓட்டை போட வேண்டாம்.

உண்மையான காரணம் வெயில்.

ஊரில் கைப்பம்பில் தண்ணீர் அடித்தவர்களுக்குத் தெரியும்: நீர்மட்டம் இருபத்தைந்து அடிக்குக் கீழே போனால் எத்தனை அடித்தாலும் தண்ணீர் ஏறாது. மேலே இருக்கும் பம்ப் தண்ணீரை இழுப்பதாகத் தோன்றும். உண்மையில் அது குழாயில் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்று மண்டலம். அதன் பலம் 1 வளிமண்டல அழுத்தம், அதற்கு மேல் கிடையாது. அதனால்தான் ஆழ்துளைக் கிணறு வந்தபோது மோட்டாரையே உள்ளே இறக்கினார்கள். அடியிலிருந்து தள்ளுவதற்கு அப்படி ஒரு வரம்பு இல்லை.

காரில் உயரம் ஒரு பிரச்சினை அல்ல. டேங்குக்கும் பம்புக்கும் ஓரிரு அடிதான் வித்தியாசம். பிரச்சினை பெட்ரோலின் இயல்பு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று ஒரே எண்ணைச் சொல்லிவிடலாம். பெட்ரோல் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதன் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமான பகுதி 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். எவ்வளவு எளிதில் ஆவியாகிறது என்பதை 37.8 டிகிரியில் அதன் ஆவியழுத்தத்தை அளந்து சொல்வார்கள். நம் ஊர்ப் பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 60 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தம் 101. வெப்பம் ஏற ஏற அந்த 60-ம் ஏறும். ஐம்பது டிகிரியைத் தாண்டியதும் 101-ஐத் தொட்டுவிடும். அந்த இடத்தில் திறந்த பாத்திரத்திலிருக்கும் பெட்ரோல் கொதிக்கும்.

குழாயில் இருக்கும் பெட்ரோலுக்கு அந்த வசதிகூட இல்லை. முன்னால் இருக்கும் பம்ப் உறிஞ்சுவதால் குழாய்க்குள் அழுத்தம் 101-க்கும் கீழே இருக்கும். ஃபில்டரில் கொஞ்சம் அழுக்கு, குழாயில் ஒரு நசுங்கல் இருந்தால் 80-க்குக்கூட இறங்கலாம். கணக்குப் போட்டால் அப்போது கொதிநிலை 45, 46 டிகிரி. சித்திரை வெயிலில் தார்ச்சாலை மேல் ஓடும் காரின் எஞ்சின் அறையில் அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. ஒரு மில்லி பெட்ரோல் ஆவியானால் 200 மில்லிக்கு மேல் இடம் பிடிக்கும். டயாஃப்ரம் அசைந்து உண்டாக்கும் இடமோ மிகச் சிறியது. அது இறங்கும்போது ஆவி விரிகிறது, ஏறும்போது சுருங்குகிறது. வால்வைத் தாண்டி எதுவும் போவதில்லை. பம்ப் நன்றாகவே ஆடுகிறது, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருவதில்லை. மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்பது இதைத்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற வண்டிகள் பாதி மலையில் நின்றுபோக, டிரைவர் இறங்கி ஈரத்துணியை பம்பின் மேல் சுற்றுவார். பார்த்தால் நாட்டு வைத்தியம் மாதிரி இருக்கும். முழுக்க முழுக்க இயற்பியல். மலையேற்றத்தில் எஞ்சின் அதிகம் உழைக்கிறது, வண்டி மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை, மேலே போகப்போக வளிமண்டல அழுத்தமும் குறைகிறது. மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. துணியிலிருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் ஆவி மறுபடி திரவமாகிறது. பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும்.

இப்போது பெட்ரோலும் மாறியிருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, இன்று பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். பெட்ரோலோடு சேர்ந்ததும் அதன் லேசான பகுதிகளோடு கூட்டு வைத்துக்கொண்டு, இரண்டும் தனித்தனியே செய்வதைவிட எளிதாக ஆவியாகின்றன. பத்து சதவீதம் வரையில் இந்த ஏற்றம் அதிகம், அப்புறம் மெல்லக் குறையும். ஆனால் 20 சதவீதத்திலும் எத்தனாலே இல்லாத அளவுக்குத் திரும்பிவிடாது. போதாததற்கு, அறுபதுகளின் ரப்பர் டயாஃப்ரமும் ஹோஸும் எத்தனாலில் ஊறி உப்பிப்போகும், அல்லது வெடித்துப்போகும். வண்டியில் வேறு எதையும் தொடாவிட்டாலும் ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

பம்பை டேங்கின் அருகே கொண்டுபோனால் நிலைமை தலைகீழாகிறது. இப்போது டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மொத்தக் குழாயும் வளிமண்டலத்தைவிட அதிக அழுத்தத்தில் இருக்கிறது. 3 பி.எஸ்.ஐ. தள்ளுதல் என்றால் 20 கிலோபாஸ்கல், குழாய்க்குள் 120. கொதிநிலை 57 டிகிரிக்குப் போய்விடும். இழுத்தபோது 46, தள்ளும்போது 57. பெட்ரோல் அதேதான், வெயிலும் அதேதான். பதினோரு டிகிரி சும்மா கிடைக்கிறது.

இந்தப் புண்ணியம் மின்சாரத்துக்குச் சேராது, இடத்துக்குத்தான் சேரும். பிரிட்டனின் எஸ்.யு. நிறுவனம் 1930-களிலேயே எலெக்ட்ரிக் பம்ப் செய்துகொண்டிருந்தது. 1948-இல் வந்த மோரிஸ் மைனரில் அந்த பம்ப் இருந்தது; ஆனால் பானட்டுக்குக் கீழே, எஞ்சின் அறையிலேயே. மின்காந்தம் டயாஃப்ரத்தை இழுக்கும், இழுத்த முடிவில் ஒரு தொடுமுனை ‘டிக்’கென்று பிரியும், ஸ்பிரிங் பெட்ரோலைத் தள்ளும், தள்ளி முடிந்ததும் முனைகள் சேரும். தொடுமுனைகள் கருகிப்போனால் செருப்பால் ஒரு தட்டு தட்ட வேண்டும் என்பது அந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அருமையான கருவிதான். ஆனாலும் பின்னாலிருந்து பெட்ரோலை இழுக்கிற வேலையைத்தான் அதுவும் செய்தது. எம்.ஜி.பி. காரில் அதையே பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். மின்சாரம் செய்கிற உதவி இவ்வளவுதான்: பம்பை கேம் ஷாஃப்டிலிருந்து அவிழ்த்துவிடுகிறது. அவிழ்த்த பிறகும் எஞ்சின் பக்கத்திலேயே வைத்தால் செலவுதான் மிச்சம்.

எந்த பம்ப் வாங்குவது? சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் போய்க் கேட்டால் எம்.பி.எஃப்.ஐ. கார்களிலிருந்து கழற்றிய பம்ப் மலிவாகக் கிடைக்கும். புதுசு போலவே இருக்கும். வாங்காதீர்கள். அவை பெட்ரோலை ஊசி போட்டுச் செலுத்தும் எஞ்சின்களுக்கானவை; ஏறக்குறைய 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. தள்ளும். கார்புரேட்டருக்கு வேண்டியது ஒன்றரையிலிருந்து மூன்று பி.எஸ்.ஐ. வித்தியாசத்தை கிராமில் பார்க்கலாம். ஊசி வால்வின் துளை ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் அந்த ஊசியை 4 கிராம் எடைக்குச் சமமான விசையால் தள்ளும். மிதவை அதை அநாயாசமாக அடக்கிவிடும். 3 பார் என்றால் அதே ஊசியின் மேல் 54 கிராம். மிதவை தோற்கும், கிண்ணம் வழியும். ஹெரால்டு மாதிரி கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம் இருக்கும் எஞ்சினில் வழிகிற பெட்ரோல் எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை.

‘நிறைய பெட்ரோல் தள்ளுமா’ என்றுதான் கடையில் எல்லோரும் கேட்பார்கள். அது கவலையே இல்லை. 948 சி.சி. எஞ்சின் 35 குதிரைத்திறனை முழுக்கக் கக்கினாலும் மணிக்குப் பத்து, பதினொரு லிட்டர்தான் குடிக்கும். சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய எலெக்ட்ரிக் பம்பே இதைப் போலப் பல மடங்கு தரும். அழுத்தத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள். கையடக்கமான, சதுரமான சாலிட் ஸ்டேட் பம்புகள் இதற்கென்றே வருகின்றன. தொடுமுனை கிடையாது, உள்ளே ஒரு சிறு பிஸ்டனை மின்காந்தம் முன்னும் பின்னும் ஆட்டும். கிண்ணம் நிரம்பியதும், நம் ஏ.சி. பம்ப் போலவே, பிஸ்டனைத் தள்ளும் ஸ்பிரிங் பாதியில் நின்றுவிடும்.

பொருத்தும் இடம் டேங்கின் அடிமட்டத்துக்குப் பக்கத்தில், முடிந்தால் அதற்கும் கீழே. இந்த பம்புகளுக்கு உறிஞ்சும் திறன் குறைவு. பெட்ரோல் தானாக வந்து சேர வேண்டும். டிக்கிக்குள்ளே வைக்காதீர்கள், கசிந்தால் ஆவி உட்காரும் இடத்துக்கு வரும். வெளியே, சேஸிஸில், சைலன்சரிலிருந்து தள்ளி, ரப்பர் வைத்து மாட்ட வேண்டும். ரப்பர் இல்லாவிட்டால் தகரம் முழுக்க டகடகவென்று அதிரும். பம்புக்கு முன்னால் ஒரு வலை ஃபில்டர் கட்டாயம். அறுபது வருட டேங்கில் துரு இல்லாமலிருக்காது. நெருக்கமான காகித ஃபில்டரை பம்புக்குப் பின்னால்தான் போட வேண்டும்; முன்னால் போட்டால் மறுபடி பழைய உறிஞ்சல் தொல்லையைச் சின்ன அளவில் உண்டாக்கியதாகிவிடும்.

பழைய பம்பைக் கழற்றிய இடத்தில் எஞ்சின் பிளாக்கில் ஒரு ஓட்டை இருக்கும். அதைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூட வேண்டும், இல்லையென்றால் ஆயில் வழியும். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டு ‘ஏ.சி. பம்ப் இருந்துட்டுப் போகட்டும் சார், அது வழியாவே லைனை எடுத்துடலாம்’ என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் எஞ்சினின் உள்வயிறு. அது கிழிந்தால், முன்பெல்லாம் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இப்போது பின்னாலிருந்து இன்னொரு பம்ப் ஓயாமல் தள்ளுகிறது. பெட்ரோல் நேராக ஆயிலில் போய்க் கலக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பேரிங்குகள் நீர்த்துப்போன ஆயிலில் தேய்ந்துகொண்டே இருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால், முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

வயரிங்குக்கு வருவோம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். எலெக்ட்ரானிக் பம்பை அதில் கண்ணை மூடிக்கொண்டு இணைத்தால் ஒரே நொடியில் செத்துப்போகும். எந்த முனையிலிருந்து பட்டை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பம்ப் இழுக்கும் மின்சாரம் ஒன்றிரண்டு ஆம்பியர்தான். 20 ஆம்பியர் சொச்சம் தரும் பழைய டைனமோவுக்கு அது சுமை இல்லை. ஆனால் அறுபது வருடம் திருகித் தேய்ந்த இக்னிஷன் சுவிட்சின் மேல் புதுச் சுமை ஏற்றக் கூடாது. ஒரு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து தனியாக ஒரு ஃப்யூஸ் வழியாக மின்சாரம் எடுங்கள். இந்தக் கார்களில் பலவற்றில் வண்டி முழுமைக்கும் இரண்டே ஃப்யூஸ்தான் இருக்கும், மூன்றாவதைச் சேர்ப்பதில் தவறில்லை.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். சாவியைத் திருப்பினால் பம்ப் ஓடும்படி இணைத்துவிட்டோம். விபத்தில் வண்டி எங்கோ மோதி, எஞ்சின் நின்று, முன்னால் குழாய் அறுந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாவி திருப்பியபடியே இருக்கிறது. ஏ.சி. பம்பாக இருந்தால் எஞ்சினோடு நின்றிருக்கும். இதற்கு எதுவும் தெரியாது. டேங்க் காலியாகும் வரை சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்து பாதி வண்டிகளில் வேலையை இந்த இடத்தோடு முடித்துவிடுகிறார்கள். இதற்குப் பழைய பம்பே மேல்.

எஞ்சின் ஓடுகிறதா என்று பம்புக்குச் சொல்ல வழிகள் உண்டு. ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டும் மின்சாரம் விடும் சுவிட்ச் ஒன்று. என் தேர்வு அதைவிட நேரான இன்னொன்று: இக்னிஷன் காயிலின் துடிப்பைக் கவனிக்கும் ரிலே. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு ஸ்பார்க். 800 சுற்றில் ஐடிலிங் ஓடினால்கூட நொடிக்கு 26, 27 துடிப்பு. சாவியைத் திருப்பியதும் இந்த ரிலே ஓரிரு நொடி பம்பை ஓடவிட்டுக் கிண்ணத்தை நிரப்பும். அதற்குள் துடிப்பு வராவிட்டால் நிறுத்திவிடும். வண்டி ஓடும்போது துடிப்பு நின்றாலும் அப்படியே.

இதோடு தொடராக ஒரு இனர்ஷியா சுவிட்சும் வைக்கலாம். பழைய கார் கழிவுகளில் தேடினால் கிடைக்கும். கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய பொருள். உள்ளே கூம்பு வடிவக் குழியில் ஒரு எஃகுக் குண்டு, அதை அடியிலிருந்து பிடித்திருக்கும் காந்தம். சாலைக் குழிகளின் குலுக்கலுக்குக் குண்டு அசையாது. பலமான மோதலில் காந்தத்தின் பிடியிலிருந்து பிய்ந்து, குழியின் சரிவில் ஏறி, மேலே இருக்கும் தகட்டை இடித்து மின்சுற்றைத் துண்டிக்கும். தலையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி இணையும்.

இவ்வளவும் செய்த பிறகு, ‘இன்னும் சூட்டில் நிற்கிறது’ என்று வருபவர்கள் இருக்கிறார்கள். ஓடி வந்து நிறுத்தி, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லையா? அது குழாய்க்குள் நடப்பதல்ல. எஞ்சின் நின்றதும் ரேடியேட்டர், காற்று எல்லாம் நின்று, மேனிஃபோல்டின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து வழிந்திருக்கும். கிண்ணம் திறந்த பாத்திரம். அங்கே பம்பின் அழுத்தம் உதவாது. கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத பேக்கலைட் துண்டு, நடுவே ஒரு தகட்டு மறைப்பு, இதுதான் அதற்கு மருந்து. இன்னும் சில வண்டிகளில் குற்றவாளி பெட்ரோலே இல்லை. சூடானால் மட்டும் செயலிழக்கும் கண்டென்சரோ காயிலோ. வண்டி நின்ற அதே நிமிடத்தில் ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தால் ஆயிரக்கணக்கில் மிச்சம். பம்ப் வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய சோதனை இது.

எல்லாம் மாட்டி முடித்ததும் சாவியைத் திருப்புங்கள். பின்னாலிருந்து சடசடவென்று சத்தம் வரும், கிண்ணம் நிரம்ப நிரம்ப நிதானமாகும், இரண்டு நொடியில் ரிலே அதை நிறுத்திவிடும். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் தட்டுகிறதா என்று பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடாகும் வரை ஓடவிடுங்கள். பிறகு சாவியைத் தொடாமல், கியரில் போட்டு பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டு எஞ்சினை அணைத்துவிடுங்கள். பம்பின் சத்தம் இரண்டு நொடிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ரிலேயின் இணைப்பில் தவறு. அது சரியாகும் வரை வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரக் கூடாது.